எல்லையை மறவாத ஊர்

ஓர் ஊருக்குச் சொந்தமான பொது நிலம் ஒரே நாளில் பறிபோவதில்லை. பக்கத்து நிலத்துக்காரரின் வேலி ஆண்டுக்கு ஒரு முழம் நகர்கிறது. எல்லைக் கல்லைப் புல் மூடிவிடுகிறது. கல் எங்கே இருந்தது என்று அறிந்த பெரியவர் ஒரு நாள் கண்ணை மூடுகிறார். அதன் பிறகு வழக்குத் தொடுத்தாலும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பதில்லை. உலகில் பல நாடுகளில் மந்தைவெளிகள் மறைந்த கதை இதுதான்.

இதற்கு ஸ்காட்லாந்து நாட்டின் தென்கோடியில் உள்ள லாங்ஹோம் என்ற சிற்றூர் இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு மருந்து கண்டுபிடித்தது. ஆண்டுக்கு ஒரு முறை எல்லையைச் சுற்றி வருவதே அந்த மருந்து. அதைக் கைவிடாமல் உட்கொண்டு வந்ததால் அந்த ஊர் அடைந்த பயன் என்ன, அதையும் மீறி இழந்தது என்ன என்பதை நிலம் வைத்திருப்போர் அறிந்துகொள்வது நல்லது.

ஆறுகள் கூடும் ஊர்

இங்கிலாந்து எல்லையிலிருந்து சுமார் 8 மைல் வடக்கே, எஸ்க் ஆறு யூஸ், வாக்கப் என்னும் இரு சிற்றாறுகளோடு கூடும் பள்ளத்தாக்கில் லாங்ஹோம் அமைந்திருக்கிறது. மக்கள் தொகை 2,300 அளவுதான். சுற்றிலும் மரமற்ற புல் மலைகள். குளிரும் மழையும் மிகுந்த அந்த மலைகளில் உழவு செல்லாது. செம்மறி ஆடுதான் அங்கே பயிர். ஷெவியட் என்ற எல்லைப்புற இன ஆடும், கருமுக ஆடும் அங்கே தலைமுறை தலைமுறையாக மேய்கின்றன. ஏப்ரலில் குட்டி போடும் காலம் தொடங்கிவிட்டால் பண்ணைக்காரருக்கு இரவு பகல் தெரியாது. கோடையில் மயிர் கத்தரிப்பு, இலையுதிர் காலத்தில் குட்டி விற்பனை என்று ஆண்டு ஓடிவிடும்.

ஒரு காலத்தில் இந்தப் பகுதி கொள்ளைக்குப் பேர் போனது. இரவோடு இரவாக எல்லை தாண்டி மாடு கடத்துவதே பல குலங்களுக்குத் தொழில். அவற்றுள் வலிமையானது ஆம்ஸ்ட்ராங் குலம். அந்தக் குலத்தைச் சேர்ந்த ஜானி ஆம்ஸ்ட்ராங்கை 1530-ல் ஸ்காட்லாந்து மன்னர் ஐந்தாம் ஜேம்ஸ் பிடித்துத் தூக்கிலிட்டார். சந்திரனில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் 1972 மார்ச் 11 அன்று இந்த ஊருக்கு வந்தபோது, தங்கள் குலத்துப் பிள்ளை என்று மக்கள் அவரைக் கொண்டாடி, ஊரின் கௌரவக் குடிமகன் என்ற பட்டத்தையும் அளித்தார்கள்.

ஆட்டைத் தவிர வேறு வழியில்லாத மண் பிள்ளைகளை வெளியே அனுப்பும். இங்கும் அப்படித்தான். பக்கத்துப் பண்ணை ஒன்றில் கடனில் மூழ்கிய குடியானவரின் மகன் ஜான் மால்கம், மீசை முளைக்காத வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து 1783-ல் சென்னைக்கு வந்து இறங்கினார். சென்னைப் படையில் தொடங்கிய அவரது வாழ்வு பம்பாய் கவர்னர் பதவி வரை சென்றது. லாங்ஹோமுக்கு மேலே நிற்கும் விட்டா மலையின் உச்சியில் அவருக்கு 1835-ல் எழுப்பிய 100 அடிக் கல்தூண் இன்றும் நிற்கிறது. இன்னொரு மேய்ப்பரின் மகன் தாமஸ் டெல்ஃபோர்ட். 1757-ல் பிறந்த அவர் இதே ஊரில் கல்தச்சு வேலை பழகி, பிரிட்டனின் பாதைகளையும் பாலங்களையும் கட்டிய மாபெரும் பொறியாளர் ஆனார். சாகும்போது லாங்ஹோம் நூலகத்துக்கும், பக்கத்து வெஸ்டர்கர்க் கிராமத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் 1793-ல் தொடங்கிய நூலகத்துக்கும் பணம் எழுதி வைத்தார்.

ஒரே மனிதர் நடந்த எல்லை

ஊர் நிலத்தின் கதைக்கு வருவோம். லாங்ஹோமைச் சூழ்ந்த நிலத்தில் பெரும் பகுதி பக்ளூ டியூக் எனப்படும் பெருநிலக் கோமகனின் குடும்பத்துக்குச் சொந்தம். ஆனால் விட்டா மலையில் ஒரு பகுதியிலும், எரிமண் வெட்டும் சதுப்பு நிலத்திலும், ஆற்றோரப் புல்வெளியிலும் ஊராருக்கு உரிமை உண்டு. அடுப்பெரிக்க எரிமண் வெட்டலாம். கூரைக்கும் வரப்புக்கும் புல்கட்டி பெயர்க்கலாம். வீடு கட்டக் கல் எடுக்கலாம். மாடு ஓட்டலாம்.

இந்த உரிமை எது வரை செல்லும் என்பதில் கோமகனுக்கும் மற்ற நிலக்கிழார்களுக்கும் ஊராருக்கும் இழுபறி ஏற்பட்டு, விவகாரம் எடின்பரோவில் உள்ள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 1759-ல் தீர்ப்பு வந்தது. ஊராரின் பங்கு எது என்பது தெளிவாயிற்று. அத்துடன் ஒரு பொறுப்பும் ஊரார் தலையில் விழுந்தது. கற்குவியல்களும் குழிகளும் கொண்டு எல்லையைக் குறித்து, அந்தக் குறிகள் அழியாமல் அவர்களே காக்க வேண்டும்.

தீர்ப்பின் காலத்தைக் கவனித்தால்தான் இதன் அருமை புரியும். ஸ்காட்லாந்தில் 1695-ல் செய்த ஒரு சட்டம், பொது மேய்ச்சல் நிலங்களைச் சுற்றியுள்ள நிலக்கிழார்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வழி திறந்திருந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் அந்த நாட்டின் ஊர்ப் பொது நிலம் ஏறக்குறைய எல்லாம் வேலிக்குள் போய்விட்டது. சட்டம் வல்லவர் பக்கம் இருந்த காலத்தில், லாங்ஹோம் மக்கள் கையில் ஒரு தீர்ப்பு இருந்தது. தீர்ப்பு இருந்தால் மட்டும் போதாது என்று அவர்கள் உணர்ந்ததே அவர்களுடைய புத்திசாலித்தனம்.

ஆர்ச்சிபால்ட் பீட்டி என்ற ஊர்ப் பறையறைவோரிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது. ஆண்டுதோறும் கோடைச் சந்தைக்கு முன் அவர் தனியாக எல்லை நெடுகிலும் கால்நடையாகச் சென்றார். மூடிய குழிகளை வெட்டித் துப்புரவு செய்தார். யாராவது உள்ளே நுழைந்திருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு சந்தை கூடிய நாளில் கடைத்தெருவில் நின்று எல்லையையும் உரிமையையும் உரக்க அறிவித்தார். இப்படி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தார். ஆட்டுக்குட்டி வாங்க வெளியூர் வியாபாரிகள் எல்லாரும் கூடியிருக்கும் சந்தையில் இதை அறிவித்தது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. ஊரும் அயலூரும் கேட்ட செய்தியைப் பின்னால் யாரும் மறுக்க முடியாது அல்லவா?

1816-ஆம் ஆண்டு வாக்கில் இளைஞர்கள் சிலர் குதிரை ஏறி அவருடன் சேர்ந்துகொண்டார்கள். இன்று நூற்றுக்கணக்கான குதிரைகள் செல்லும் ‘காமன் ரைடிங்’ விழா இப்படித்தான் பிறந்தது.

விழாவுக்குள் இருக்கும் வேலை

ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அந்த விழா. விடியுமுன்னே குழலும் பறையும் ஊரை எழுப்பிவிடும். ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த இளைஞர் ஒருவர் ‘கார்னெட்’ என்ற பட்டத்துடன் ஊர்க்கொடி ஏந்திக் குதிரையில் முன்னே செல்வார். செங்குத்தான சந்து வழியே குதிரைகள் மலைக்குப் பாய்ந்தேறும். எல்லையில் குறித்த இடங்களில் மண்வெட்டியால் புல்கட்டி வெட்டி எடுப்பார்கள். அறிவிப்போர் குதிரையின் முதுகில் நின்றபடியே ஊரின் உரிமையைச் சொல்லுவார்.

ஊர்வலத்தில் வரும் சின்னங்கள் எல்லாம் குடியானவர் வீட்டுப் பொருள்கள். ஒரு மரத்தட்டில் பார்லி ரொட்டியையும் உப்பிட்ட ஹெர்ரிங் மீனையும் ஆணியால் அறைந்து உயரத் தூக்கி வருவார்கள். மாவு ஆலையிலும் மீன்பிடிப்பிலும் கோமகனுக்கு இருந்த பாத்தியதையின் அடையாளம் அது. எல்லை வெட்டும் மண்வெட்டி, ஆள் உயர முட்செடி, ரோஜாப் பூக்களால் கட்டிய கிரீடம் ஆகியவையும் உண்டு. சிறுவர் சிறுமியர் மலையில் விளையும் ஹெதர் செடியில் கட்டிய துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டு வருவார்கள். அப்படி வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாணயம் கிடைக்கும்.

இது வெறும் கேளிக்கை, குதிரை ஓட்டமும் குடியும்தான் மிஞ்சியிருக்கின்றன என்று சொல்வோர் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். இன்று லாங்ஹோமில் எரிமண் வெட்டி அடுப்பெரிப்போர் அரிது. துடைப்பத்தைக் கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் துடைப்பம் தூக்கிய குழந்தை தன் ஊருக்கு ஒரு மலை உண்டு என்பதை ஏழு வயதிலேயே அறிந்துவிடுகிறது. 1975-ல் ஸ்காட்லாந்தின் சிறு நகரசபைகள் அனைத்தும் கலைக்கப்பட்டபோது லாங்ஹோமின் சபையும் போயிற்று. கோப்புகள் வேறு ஊர் அலுவலகங்களுக்குப் போயின. எல்லைச் சுற்று நிற்கவில்லை. அது அலுவலகத்தில் அல்லாமல் மக்களின் காலில் இருந்ததே காரணம்.

ஆடு அறிந்த எல்லை

இதே பாடத்தை அந்த மலை ஆடுகளிடமும் காணலாம். எல்லைப்புற மலைகளில் பண்ணைக்கும் பண்ணைக்கும் இடையே பல மைல் தூரம் வேலியே இராது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் சரிவை விட்டு நகராது. எந்தப் பள்ளத்தில் காற்று அடிக்காது, எங்கே பனியிலும் புல் கிடைக்கும், எங்கே திரும்ப வேண்டும் என்பதைத் தாய் ஆடு மேயும்போதே குட்டிக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. இதற்கு அங்கே ‘ஹெஃப்டிங்’ என்று பெயர். அதனால் பண்ணை கைமாறும்போது ஆடும் நிலத்தோடு சேர்ந்தே கைமாறுவது வழக்கம்.

2001-ல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோய் இந்த அறிவையே அழிக்கப் பார்த்தது. லாங்ஹோமுக்குத் தெற்கே, எல்லைக்கு அப்பால் உள்ள லாங்டவுன் ஆட்டுச் சந்தை வழியாக நோய் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. லாங்ஹோம் உள்ள டம்ஃப்ரீஸ் அண்டு காலோவே மாவட்டத்தில், நோய் கண்ட பண்ணையைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருந்த செம்மறி ஆடுகள் நோயற்றவையாக இருந்தாலும் கொல்லப்பட்டன. பண்ணைக்காரருக்கு அரசு நஷ்டஈடு கொடுத்தது. ஆனால் சரிவை அறிந்த ஆட்டை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது. புதிதாக வந்த மந்தையைப் பல ஆண்டுகள் கூடவே நின்று திருப்பித் திருப்பித்தான் பழக்க வேண்டும். நினைவு அறுந்தால் அதை மீண்டும் கட்டுவது எவ்வளவு கடினம் என்பதை அந்த மலைக்குடிகள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள்.

போனவை ஆலைகள்

லாங்ஹோமின் பிழைப்பு ஆடு மட்டுமன்று. ஆற்று நீரும் கம்பளியும் கிடைத்ததால் நெசவு வளர்ந்தது. 1778-ல் கோமகன் ஆற்றின் மறுகரையில் நெசவாளருக்கென்று ‘புதிய லாங்ஹோம்’ என்ற குடியிருப்பையே அமைத்தார். கைத்தறி ஆலைத்தறியாயிற்று. 1864-ல் ரயில் வந்தது. நூறு ஆண்டுகள் ஓடி, 1964-ல் பயணிகள் ரயில் நின்றது.

இந்த ஊர் ஆலை ஒன்றின் பெயர் தமிழ்நாட்டு ஜவுளிக்கடைகளிலும் பழக்கமானது. 1837-ல் தொடங்கிய ‘ரெய்டு அண்டு டெய்லர்’ உயர்ந்த கோட்டுத் துணிக்குப் பெயர் பெற்ற நிறுவனம். அந்தப் பெயரை உரிமம் பெற்று மைசூரில் நெய்த துணி, 1990-களின் கடைசி முதல் இந்தியா முழுவதும் விற்றது. பெயர் பிறந்த லாங்ஹோமில் ஆலை 2013-ல் மூடப்பட்டது. இன்னொன்று, 1946-ல் ஒரு சாயப்பட்டறையாகத் தொடங்கி, பிறகு நாடெங்கும் கடைகள் திறந்த ‘எடின்பரோ வூலன் மில்’. அதன் தலைமை அலுவலகமும் 2019-ல் எல்லை தாண்டிக் கார்லைல் நகருக்குப் போய்விட்டது.

ஆலை வேலை போனதில் யாருடைய தீமையும் இருக்க வேண்டியதில்லை. முதலீட்டாளர் தம் கணக்கைப் பார்த்தார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊருக்குப் பெயர் தந்த ஆலைகள் ஊருக்குச் சொந்தமானவை அல்ல. அவற்றின் உரிமை எங்கே இருந்ததோ, முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. விட்டா மலையின் பொது நிலத்தை மட்டும் யாரும் வேறு ஊருக்குத் தூக்கிச் செல்ல முடியவில்லை.

மலை விலைக்கு வந்தது

அதே 2019-ல் மற்றொரு செய்தி வந்தது. பக்ளூ நிறுவனம் தன் எல்லைப்புறச் சொத்தில் சுமார் 25,000 ஏக்கரை விற்கப் போவதாக அறிவித்தது. லாங்ஹோம் மூர் என்ற மேட்டுநிலம் 10,500 ஏக்கரும் அதில் அடங்கும். பல தலைமுறையாக அங்கே கௌதாரி இனத்துக் குரௌஸ் பறவையைச் செல்வந்தர்கள் சுட்டு விளையாடுவார்கள். 1990-களில் நடந்த ஆய்வின்போது பூனைப்பருந்துகள் பெருகி, குரௌஸ் குறைந்து, வேட்டை வருமானம் நின்றது. வருமானம் இல்லாத மலை விலைக்கு வந்ததில் வியப்பில்லை.

யார் வாங்குவார்? ஸ்காட்லாந்தில் தனியார் கிராமப்புற நிலத்தில் பாதி, ஐந்நூறு பேருக்கும் குறைவானவர்களின் கையில் இருப்பதாக நில ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்னொரு செல்வந்தரோ, மரம் வளர்க்கும் கம்பெனியோ வாங்கியிருக்கலாம். எஸ்க் ஆற்றின் மேற்பகுதியில் உள்ள எஸ்க்டேல்மூரில் என்ன நடந்தது என்று ஊருக்குத் தெரியும். ஆட்டுப் பண்ணையாக இருந்த சரிவுகளில், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சிட்கா ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் வரிசை வரிசையாக நடப்பட்டது. மரம் வந்த இடத்தில் மேய்ப்பர் வீடு காலியாயிற்று.

ஆலை போன ஊர், கையில் காசு இல்லாத ஊர், மலையை நாமே வாங்குவோம் என்று துணிந்தது. ‘லாங்ஹோம் இனிஷியேடிவ்’ என்ற உள்ளூர் அறக்கட்டளை முன்னின்றது. ஸ்காட்லாந்து நில நிதி 10 லட்சம் பவுண்டு கொடுத்தது. அறநிறுவனங்கள் கொடுத்தன. முகமறியாத ஆயிரக்கணக்கானோர் சிறு தொகைகள் அனுப்பினார்கள். 2021 மார்ச்சில் 5,200 ஏக்கர், 38 லட்சம் பவுண்டுக்கு ஊர் கைக்கு வந்தது. 2022-ல் மேலும் 5,300 ஏக்கர், 22 லட்சம் பவுண்டுக்கு வந்தது. இன்று அந்த நிலம் டாரஸ் பள்ளத்தாக்கு இயற்கைக் காப்பகம் என்று வழங்குகிறது. எரிமண் சதுப்பைச் சீர்செய்வது, ஆற்றோரம் நாட்டு மரம் வளர்ப்பது, அதிலிருந்து ஊருக்கு வேலை உண்டாக்குவது ஆகியவை அதன் நோக்கங்கள்.

2,300 பேர் உள்ள ஊருக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? சட்டமும் நிதியும் துணை நின்றன என்பது உண்மை. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 2003-ல் செய்த நிலச் சீர்திருத்தச் சட்டம் ஊர்ச் சமூகங்கள் நிலம் வாங்கும் காலத்தைத் தொடக்கி வைத்தது. ஆனால் அதே சட்டமும் நிதியும் மற்ற ஊர்களுக்கும் இருந்தன. மலையில் தமக்குப் பங்கு உண்டு என்று ஆண்டுதோறும் கொடி பிடித்துச் சொல்லி வந்த ஊருக்கு, மலையை வாங்குவது அன்னியமான யோசனையாகத் தோன்றவில்லை.

இரண்டு விதக் கை

ஊர் வாங்கிவிட்டதால் எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. காப்பகம் என்றால் ஆட்டைக் குறைப்பார்கள், மேய்ப்பர் தொழில் தேயும் என்ற கவலை எல்லைப்புற மலைப்பண்ணைக்காரரிடம் இருக்கிறது. அந்தக் கவலையைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது தவறு. சதுப்பையும் காட்டையும் மட்டும் வைத்து இளைஞரை ஊரில் நிறுத்திவிட முடியுமா என்பதும் இனிமேல்தான் தெரிய வேண்டும். நன்கொடையை நம்பி வாங்கிய நிலம் தன் காலில் நிற்கப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

ஆனால் பக்கத்து மலையில் நடந்ததையும் வைத்துப் பார்க்க வேண்டும். லாங்ஹோமுக்கும் நியூகாசில்டனுக்கும் இடையே உள்ள மலையில் சுமார் 11,000 ஏக்கரை, இயற்கையை மீட்கவென்று ஒரு தனியார் நிறுவனம் 2023-ல் வாங்கியது. அந்த மலையில் காலங்காலமாகக் காட்டு வெள்ளாடுகள் திரிகின்றன. இளமரங்களை அவை கடித்துவிடும் என்று சொல்லி, பெரும்பாலான ஆடுகளைச் சுட்டுக் குறைக்கும் திட்டத்தை அந்த நிறுவனம் 2025-ல் வெளியிட்டது. வட்டார மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆடுகளைக் காக்கச் சொல்லி ஸ்காட்லாந்துப் பாராளுமன்றத்துக்கு மனுப் போட்டார்கள்.

வெள்ளாடு இளமரத்தைக் கடிக்கும் என்பது ஆடு வளர்த்த எவரும் அறிந்ததே. நிறுவனத்தின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஊர் வைத்திருக்கும் மலையில் ஒரு முடிவு பிடிக்கவில்லை என்றால், அதை எடுத்தவரை மறுநாள் கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கலாம். கம்பெனி வைத்திருக்கும் மலையில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டு மலையிலும் நோக்கம் இயற்கையைக் காப்பதுதான். கேட்கும் உரிமை ஒன்றில் இருக்கிறது, மற்றொன்றில் இல்லை.

நடந்து காக்க வேண்டும்

நிலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பட்டாவைப் பற்றியும் விலையைப் பற்றியுமே பேசுகிறார்கள். லாங்ஹோம் காட்டும் வழி அவற்றுக்கு முந்தியது. 1759-ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால், அது கரையானுக்கு இரையாகி இருக்கும். ஒரு பறையறைவோர் அதை ஆண்டுதோறும் நடந்து புதுப்பித்தார். சந்தையில் எல்லார் காதிலும் போட்டார். குழந்தைகளின் கையில் ஒரு துடைப்பத்தைக் கொடுத்து, அடுத்த தலைமுறையையும் சாட்சியாக்கியது ஊர். பிற்காலத்தில் வாய்ப்பு வந்தபோது அந்தப் பழக்கமே முதலாயிற்று.

இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. அரசாணை தேவையில்லை. ஆண்டில் ஒரு நாளும், ஒரு மண்வெட்டியும், எல்லை தெரிந்த ஒருவரும், அவர் பின்னே நடக்கச் சில பிள்ளைகளும் போதும். எல்லை தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே அந்த நடையைத் தொடங்கிவிட வேண்டும்.